ரிமான் (நொவாலூரான் 10 ஈசி) மதிப்பாய்வு: குட்டிப் புழுவுக்கு அருமை, பெரிய புழுவுக்கு வீண் செலவு

செங்குன்றம், பொன்னேரி, திருவள்ளூர் பக்கத்து மருந்துக்கடைகளில் புழுவுக்கு மருந்து கேட்டால் பெரும்பாலும் முதலில் கைக்கு வருவது கோராஜன், இல்லாவிட்டால் ப்ரோக்ளைம். ரிமானைப் பெயர் சொல்லிக் கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். வாங்கி அடித்தவர்களில் ஒரு சாரார் "நல்ல மருந்துங்க, மறுபடி புழுவே வரல" என்பார்கள். இன்னொரு சாரார் "தண்ணி மாதிரி இருக்கு, ஒரு புழுகூட சாகல" என்பார்கள். இரண்டுமே உண்மைதான். மருந்து அடித்த அன்று வயலில் இருந்த புழுவுக்கு என்ன வயது என்பதில்தான் வித்தியாசம்.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். முட்டை பொரிக்கும் நேரத்தைக் கவனித்து அடிப்பவருக்கு இது நம்பி வாங்கக்கூடிய மருந்து. இலை சல்லடையான பிறகு கடைக்கு ஓடுபவருக்கு இது மருந்தே இல்லை.

காரணம் மருந்து வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. ரிமானில் இருக்கும் நொவாலூரான் நரம்பைத் தாக்கும் விஷம் அல்ல. புழுவின் மேல்தோல் கைட்டின் என்ற பொருளால் ஆனது. புழு வளர வேண்டுமானால் பழைய தோலை உரித்துப் புதுத்தோலுக்கு மாற வேண்டும். அந்தப் புதுத்தோலுக்குத் தேவையான கைட்டின் உருவாவதை நொவாலூரான் தடுத்துவிடுகிறது. மருந்து பட்ட இலையைத் தின்ற புழு அன்றைக்கு ஒன்றும் ஆகாததுபோல் ஊர்ந்துகொண்டும் தின்றுகொண்டும்தான் இருக்கும். அடுத்த தோலுரிப்பு வரும்போது புதுத்தோலுக்கு வலு இல்லாமல் செத்துப்போகும். சிறு புழு இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை தோலுரிக்கும் என்பதால் சீக்கிரம் மாட்டிக்கொள்ளும். கடைசிப் பருவத்துக்கு வந்துவிட்ட புழுவுக்குக் கூட்டுப்புழு ஆகும்வரை உரிக்க வேறு தோல் கிடையாது. அது மருந்தோடு சேர்த்து மிச்சமிருக்கும் இலையையும் நிதானமாகத் தின்று முடிக்கும். கூட்டுப்புழு ஆகும் நேரத்தில் அது செத்தாலும் உங்களுக்கு என்ன லாபம்? புரோடீனியா புழு (புகையிலை வெட்டுப்புழு) மொத்தமாகத் தின்பதில் பெரும்பங்கைக் கடைசி இரண்டு பருவங்களில்தானே தின்கிறது.

மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க மறுநாள் காலையில் போகாதீர்கள். மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் போய் இலையைத் திருப்பிப் பாருங்கள், கையில் ஒரு லென்ஸ் இருந்தால் நல்லது. தலைக்குப் பின்னால் தோல் பிளந்திருக்கும். பழைய தோல் பாதி கழன்று வால் பக்கம் சுருண்டு ஒட்டியிருக்கும். உடல் மெலிந்து கறுத்திருக்கும், சிலவற்றில் பிளவு வழியாக நீர் கசிந்து இலையில் கறையாக்கியிருக்கும். சில புழுக்கள் பழைய தலையோட்டைக் கழற்ற முடியாமல் வாயோடு மாட்டிக்கொண்டு கிடக்கும். இப்படி நாலைந்து புழு கண்ணில் பட்டாலே மருந்து பிடித்துவிட்டது என்று அர்த்தம். இரண்டாம் நாளே பொறுமையிழந்து வேறொரு மருந்தை மேலே அடிப்பதுதான் இந்தப் பொருளில் நடக்கும் மிகப்பெரிய பண விரயம். கடைக்காரரே "நாளைக்குக் காலையில எல்லாம் உதிர்ந்து கெடக்கும்" என்று சொல்லி விற்றிருந்தால் விவசாயியைக் குறை சொல்லவும் முடியாது.

ஆக, தேதியைப் பிடிப்பதுதான் முக்கியம். புரோடீனியா அந்துப்பூச்சி இலையின் அடிப்பக்கத்தில் நூற்றுக்கணக்கான முட்டைகளைக் குவியலாக இட்டு, பழுப்பு நிற ரோமத்தால் மூடிவைக்கும். நம் பக்கத்து வெயிலுக்கு அது மூன்று முதல் ஐந்து நாளில் பொரித்துவிடும். பொரித்த குட்டிகள் கலையாமல் கூட்டமாகவே ஒரு இலையின் பச்சையத்தைச் சுரண்டித் தின்னும். தூரத்திலிருந்து பார்த்தால் அந்த ஒரு இலை மட்டும் வெளுத்துக் கண்ணாடிபோல் தெரியும். அந்த வெளுத்த இலை தெரியும் நாள்தான் ரிமான் அடிக்க வேண்டிய நாள். இன்னும் ஒரு வாரம் விட்டால் புழு பிரிந்து செடி செடியாகப் பரவி, பகலில் மண்ணுக்குள் ஒளிந்து, இரவில் மட்டும் மேலேறித் தின்னத் தொடங்கிவிடும். அப்போது இந்த மருந்தை மறந்துவிடுங்கள்.

வெளுத்த இலைக்காகத் தினமும் வயல் முழுக்க அலைய வேண்டியதில்லை. ஏக்கருக்கு ஐந்து இனக்கவர்ச்சிப் பொறி வைத்து, உள்ளே இருக்கும் கவர்ச்சிக் குப்பியை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை மாற்றினால், பூச்சி வரத்து கூடுவதைப் பொறியே காட்டிவிடும். எண்ணிக்கை ஏறத் தொடங்கியதும் அடுத்த நான்கைந்து நாள் முட்டைக் குவியலைத் தேடுங்கள். வரப்போரம் பத்தடிக்கு ஒரு ஆமணக்குச் செடி இருந்தால் தேடுவது இன்னும் சுலபம். புரோடீனியா ஆமணக்கை விரும்பித் தேடிப்போய் முட்டையிடும். ஆமணக்கு இலையோடு குவியலைக் கிள்ளி எடுத்து அழித்துவிட்டால் மருந்துச் செலவில் ஒரு பங்கு அங்கேயே மிச்சம். வடகிழக்குப் பருவமழை இடைவெளி விடும் நாட்களில் இந்தத் தேடலில் அலட்சியம் கூடவே கூடாது.

தக்காளிக் காய்ப்புழுவின் கதை வேறு. அது முட்டையைக் குவியலாக இடாது. பூ, இளந்தளிர், பிஞ்சு என்று ஒவ்வொன்றாகத் தனித்தனியே இட்டுவிட்டுப் போகும். பொரித்த புழு கொஞ்ச நேரம் வெளியே சுரண்டிவிட்டுக் காய்க்குள் தலையை நுழைத்துவிடும். உள்ளே போன புழுவை ரிமான் எட்டாது. இது செடிக்குள் பரவாத மருந்து. எங்கே பட்டதோ அங்கே மட்டும்தான் இருக்கும். அதனால் தக்காளிக்குப் பூ பிடிக்கும் காலத்தில், பொறியில் பூச்சி விழத் தொடங்கியதும் அடிக்க வேண்டும். ஓட்டை விழுந்த காயைப் பார்த்துவிட்டு அடிப்பதில் பலனில்லை. கத்தரியில் தண்டுக்கும் காய்க்கும் உள்ளே போகும் புழுவுக்கும் இதே சிக்கல்தான். அங்கே வாடிய குருத்தைப் புழுவோடு கிள்ளி எடுப்பதும் பொறி வைப்பதும்தான் முதல் வேலை.

அளவுக்கு வருவோம். ரிமானின் பதிவுப்படி முட்டைகோஸ் வைரமுதுகு அந்துப்பூச்சிக்கும் தக்காளிக் காய்ப்புழுவுக்கும் ஹெக்டேருக்கு 750 மில்லி, அதாவது ஏக்கருக்கு 300 மில்லி. மிளகாய்க்கு அதில் பாதி: ஹெக்டேருக்கு 375 மில்லி, ஏக்கருக்கு 150 மில்லி. பருத்திக்கு ஹெக்டேருக்கு ஒரு லிட்டர். கொண்டைக்கடலைக்கு 750 மில்லி. நன்றாகப் படர்ந்த செடிக்கு ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால் தக்காளிக்கு லிட்டருக்கு ஒன்றரை மில்லி, மிளகாய்க்கு முக்கால் மில்லி வரும். 16 லிட்டர் பேட்டரி தெளிப்பானுக்குத் தக்காளி என்றால் 24 மில்லி, மிளகாய் என்றால் 12 மில்லி. இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். "டேங்குக்கு ஒரு மூடி" என்று ஊற்றுவார்கள். ஏக்கருக்கு பன்னிரண்டு டேங்க் அடிக்க வேண்டிய இடத்தில் ஆறே டேங்கில் வேகமாக நடந்து முடித்துவிட்டால், டேங்குக்கு அளவு சரியாக இருந்தாலும் ஏக்கருக்குப் போய்ச்சேர்ந்தது பாதி மருந்துதான். முதலில் வெறும் தண்ணீரை அடித்துப் பார்த்து உங்கள் நடைக்கு ஏக்கருக்கு எத்தனை டேங்க் ஆகிறது என்று தெரிந்துகொண்டு, 300 மில்லியை (மிளகாய் என்றால் 150) அந்த எண்ணிக்கையால் வகுத்துக்கொள்ளுங்கள். அளப்பதற்கு மூடி வேண்டாம், மருந்துக்கென்றே ஒதுக்கிய 20 மில்லி ஊசிக்குழல் போதும்.

கலக்கும்போது டேங்கில் பாதித் தண்ணீர், பிறகு மருந்து, நன்றாகக் கலக்கிவிட்டு மீதித் தண்ணீர், கடைசியில் ஒட்டுத் திரவம் லிட்டருக்கு அரை மில்லி. நல்ல சரக்கு தண்ணீரில் விட்டதும் பால்போல் வெளுத்து ஒரே சீராகப் பரவும். எண்ணெய் தனியாக மேலே மிதந்தாலோ அடியில் திட்டுத்திட்டாகப் படிந்தாலோ அந்தப் பாட்டிலை அடிக்காதீர்கள், பழைய சரக்காகவோ போலியாகவோ இருக்கலாம். கோஸ் இலைக்கு ஒட்டுத் திரவம் கட்டாயம். அதன் மெழுகுப் பூச்சில் துளி நிற்காமல் உருண்டு விழுந்துவிடும். சுண்ணாம்பு கலந்த போர்டோ கலவையோடும் கந்தகத்தோடும் சேர்க்க வேண்டாம். நுண்ணூட்டம், டானிக், பூஞ்சை மருந்து என்று நாலைந்தை ஒரே டேங்கில் கொட்டும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. பிறகு இலை கருகினால் எதனால் கருகியது என்று யாராலும் சொல்ல முடியாது.

முனை, கூம்பு வடிவில் நுண்துளியாகத் தெளிப்பதாக இருக்க வேண்டும். களைக்கொல்லி அடிக்கும் தட்டை முனையைக் கழற்றாமல் அப்படியே அடிப்பவர்கள் உண்டு. மேலிலை நனையும், புழு இருக்கும் அடியிலை காய்ந்தே இருக்கும். குழாயைக் கீழே இறக்கி முனையை மேல்நோக்கித் திருப்பி, செடியின் இரண்டு பக்கமும் அடிக்க வேண்டும். நேரம், மாலை ஐந்து மணிக்கு மேல். புரோடீனியா இரவில் தின்பதால் புதிதாகப் பட்ட மருந்தையே தின்னும். சென்னைப் பக்கத்தில் கோடையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று ஏறிவிடும், அது தணியாமல் அடித்தால் மருந்து பக்கத்து நிலத்துக்குத்தான் போகும். இலையில் நன்றாகக் காய்ந்த பிறகு பெய்யும் மழை இதைப் பெரிதாகக் கழுவாது. ஈரம் காயும் முன் பெய்தால் அன்றைய உழைப்பு போனதுதான். மழைக்காலத்தில் மேகம் பார்த்து ஒரு நாள் தள்ளிப்போடுவதில் தப்பில்லை, இரண்டு மூன்று நாள் தள்ளினால் புழுவின் வயது கைமீறிவிடும்.

இதன் பெரிய பலம் நின்று வேலை செய்வது. வெயிலில் சீக்கிரம் சிதையாது. பிறகு பொரிக்கும் குட்டிகளும் அதே இலையைத் தின்று மாட்டிக்கொள்ளும். மருந்து பட்ட முட்டைகள் பலவும் பொரிப்பதில்லை. ஆனால் அடித்த பிறகு விட்ட புதுத்தளிரில் மருந்து இருக்காது. வேகமாகத் துளிர்க்கும் பயிருக்குப் பத்து முதல் பதினான்கு நாளில் மறுபடி கவனம் தேவை.

வயலில் குட்டியும் பெரிதுமாகப் புழு கலந்திருந்தால்? அப்போது கலவை மருந்துக்குப் போகலாம். ப்ளெதோரா என்பதில் நொவாலூரான் 5.25 சதவீதமும் இண்டாக்ஸாகார்ப் 4.5 சதவீதமும் உண்டு. பாரசைடில் நொவாலூரான் 5.25 சதவீதத்தோடு எமாமெக்டின் 0.9 சதவீதம். பெரிய புழு தின்பதைக் கூட்டாளி மருந்து சில மணி நேரத்தில் நிறுத்திவிடும், குட்டிகளை நொவாலூரான் பார்த்துக்கொள்ளும். ஆனால் புழு எல்லாம் குட்டியாக இருக்கும்போது கலவையை வாங்குவது தேவையில்லாத செலவு, நல்ல இரண்டு மருந்துகளை ஒரே வீச்சில் தேய்த்துவிடுவதும்கூட.

போட்டிப் பொருள் சிக்னா, அதாவது லூஃபெனூரான் 5.4 ஈசி. கோஸுக்கு ஹெக்டேருக்கு 600 மில்லி, ஏக்கருக்கு 240 மில்லி. வேலை செய்யும் விதத்தில் ரிமானோடு பெரிய வித்தியாசம் இல்லை. பாட்டில் விலையைப் பார்க்காமல் ஏக்கருக்கு என்ன செலவு என்று கணக்குப் போட்டு, அன்றைக்குக் குறைவாக வருவதை வாங்கலாம். ஆனால் இந்த முறை ரிமான், அடுத்த முறை சிக்னா என்று மாற்றி அடித்தால் அது மாற்றம் ஆகாது. பூச்சிமருந்துகளை வேலை செய்யும் விதத்தைப் பார்த்து எண் கொடுத்துப் பிரித்திருக்கிறார்கள். இவை இரண்டும் டைஃப்ளுபென்சூரானும் அதில் ஒரே பிரிவு, எண் 15. ஒன்றுக்குப் பழகிய புழு மற்றதையும் தாங்கும். தாய்லாந்தில் 1980களில் கோஸ் வைரமுதுகுப் பூச்சி இந்த வகை மருந்துகளுக்கு மிக வேகமாக எதிர்ப்புச் சக்தி பெற்றது உலகறிந்த பாடம். ஒரு தலைமுறைப் புழுவுக்கு 15 அடித்தால் அடுத்த தலைமுறைக்கு வேறு எண்ணுக்குப் போங்கள்: கோராஜனும் ஃபேமும் 28, ப்ரோக்ளைம் 6, டெலிகேட் 5, பி.டி. பாக்டீரியா மருந்து 11. கோராஜனிலிருந்து ஃபேமுக்கு மாறுவதும் இதே ஏமாற்றுதான் என்பதையும் கவனியுங்கள்.

கடையில் "ஐஜிஆர் குடுங்க" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். பூச்சி வளர்ச்சித் தடுப்பான் என்ற பெயரின் கீழ் பல சரக்கு உண்டு. புப்ரோஃபெசின் தத்துப்பூச்சி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சிக்கானது. புழுவுக்கு அது உதவாது. பைரிப்ராக்ஸிஃபென் இளம்பருவ ஹார்மோன் போல வேலை செய்து பூச்சியை முதிர்ச்சி அடையவிடாமல் வைப்பது. வெள்ளை ஈக்கும் கொசுப்புழுவுக்கும் அது பொருந்தும். புழுவை இன்னும் கொஞ்ச நாள் புழுவாகவே வைத்திருப்பது பயிருக்கு நல்லதா என்று யோசித்தாலே போதும். மெத்தாக்ஸிஃபெனோசைடு வகை எதிர்வழியில் வேலை செய்கிறது: காலத்துக்கு முன்பே தோலை உரிக்கச் சொல்லிவிடும், புழு சில மணி நேரத்திலேயே தின்பதை நிறுத்திவிடும். வேகம் என்று பார்த்தால் அதுதான் மேல்.

இனி, ரிமானுக்கு நாங்கள் மதிப்பெண் குறைக்கும் இடம். கைட்டின் புழுவுக்கு மட்டும் சொந்தமில்லை. இறாலும் நண்டும் தோலுரித்துத்தான் வளர்கின்றன. நீர்வாழ் சிற்றுயிர்களுக்கு நொவாலூரான் மிகக் கடுமையானது. மீஞ்சூர், பொன்னேரி, பழவேற்காடு பக்கத்தில் இறால் குட்டையும் உப்பங்கழியும் வயலை ஒட்டியே இருக்கின்றன. புழல், சோழவரம், பூண்டி, செம்பரம்பாக்கம் ஏரிகள் சென்னையின் குடிநீர். ஊத்துக்கோட்டை வழியாக வரும் கிருஷ்ணா கால்வாயும் அப்படியே. இந்த நீர்நிலைகளை ஒட்டிய நிலத்தில் இதை அடிக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து, பி.டி. மருந்து அங்கே நல்ல மாற்று. வேறு இடத்திலும் டேங்கைக் கழுவிய தண்ணீரை வாய்க்காலிலோ கிணற்றடியிலோ ஊற்றக் கூடாது. மருந்து அடித்த அதே வயலின் காய்ந்த ஓரத்தில் தெளித்துவிடுங்கள். பட்டுப்புழு வளர்ப்பவர் பக்கத்தில் இருந்தால் இந்த மருந்தை நினைக்கவே கூடாது, மல்பெரி இலையில் சாரல் பட்டாலே பட்டுப்புழு கூடு கட்டாது. வளர்ந்த தேனீயை இது உடனே கொல்லாது, ஆனால் மகரந்தத்தோடு கூட்டுக்குப் போனால் உள்ளே இருக்கும் தேனீப்புழு சாகும். பூத்த பயிரில் தேனீ பறக்கும் நேரத்தில் அடிக்காதீர்கள். முட்டை ஒட்டுண்ணிக் குளவி போன்றவற்றின் வளர்ந்த பூச்சிக்குப் பழைய பைரித்ராய்டு மருந்துகளைவிட இது எவ்வளவோ தேவலை. பொறிவண்டின் புழுவுக்கும் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழுவுக்கும் மட்டும் கெடுதல்தான்.

மனிதருக்குக் கைட்டின் இல்லை, அதனால் ஆபத்து குறைவு என்று சொல்லி வெறுங்கையால் கலக்குகிறார்கள். ஈசி மருந்தில், அதாவது தண்ணீரில் பால்போல் கலக்கும் எண்ணெய் வகை மருந்தில், இருக்கும் கரைப்பான் கண்ணையும் தோலையும் எரிக்கும். கையுறை, முகமூடி, முழுக்கைச் சட்டை வேண்டும்.

கீரைப் பாத்திக்கு இதை வாங்க வேண்டாம். செங்குன்றத்தைச் சுற்றிச் சிறுகீரையும் தண்டுக்கீரையும் மூன்று நான்கு வாரத்தில் அறுவடைக்கு வந்துவிடும். கீரையில் இலையே உணவு, மேலே சொன்ன பதிவுப் பட்டியலில் கீரை இல்லை. இலையைச் சுருட்டிப் பின்னும் புழு வந்தால் சுருட்டிய இலையைக் கிள்ளி எடுப்பதும், வேப்ப மருந்தை, அதாவது அசாடிராக்டின் 10,000 பிபிஎம், லிட்டருக்கு 2 மில்லி மாலையில் அடிப்பதும் போதும். அசாடிராக்டினும் தோலுரிப்பைக் குலைப்பதுதான், கூடவே தின்னவிடாமலும் செய்யும். ஆனால் வெயிலில் சில நாளிலேயே சக்தி இழந்துவிடும் என்பதால் வாரம் ஒருமுறை தேவைப்படும். மாடித்தோட்டத்துக்கும் எங்கள் பதில் இதேதான். இருபது முப்பது தொட்டிக்கு முழு பாட்டில் வாங்கி, மிச்சத்தைப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வருஷக்கணக்கில் வைத்திருப்பது சரியல்ல. முட்டைக் குவியலை இலையோடு கிள்ளி சோப்புத் தண்ணீரில் போடுங்கள், அந்த அளவுக்கு அதைவிட நல்ல வைத்தியம் கிடையாது.

அறுவடைக்கு முன் காத்திருக்க வேண்டிய நாள் பயிருக்குப் பயிர் மாறும். கோஸுக்கு ஐந்து நாள், மிளகாய்க்கு மூன்று நாள், பருத்திக்கு நாற்பது. உங்கள் பயிர் பாட்டிலோடு வரும் துண்டுத்தாளில் இல்லையென்றால் திரூர் அல்லது காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுவிட்டு வாங்குங்கள், கடைக்காரர் சொல்லை மட்டும் நம்ப வேண்டாம்.

வாங்கும்போது தயாரிப்புத் தேதி, காலாவதித் தேதி, தொகுதி எண், பதிவு எண் நான்கும் பாட்டிலில் தெளிவாக அச்சாகியிருக்கிறதா, மூடியின் முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். தொகுதி எண் எழுதிய ரசீது கேளுங்கள். மருந்து பிடிக்கவில்லை என்று வேளாண்மைத் துறையிடம் புகார் கொடுக்க அந்த ஒரு தாள்தான் ஆதாரம். கேட்டும் தராத கடையில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். காலிப் பாட்டிலை மூன்று முறை கழுவி, கழுவிய தண்ணீரையும் தெளிப்பு டேங்கிலேயே ஊற்றிவிட்டு, அடியில் ஓட்டை போட்டுவிடுங்கள்.